ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன்

ஜனவரி 6, திங்கள்

எடை 51. காய்ச்சல் இல்லை. காலையில் இரண்டு இட்லி. மதியம் குழைய வடித்த சோறு, ரசம். வாந்தி இல்லை. முதல் கரண்ட் முடிந்தது. இன்னும் முப்பத்திரண்டு.

இப்படித் தினமும் எழுதி வைக்கச் சொன்னது ஆஸ்பத்திரி சிஸ்டர். "என்ன சாப்பிட்டாங்க, எவ்வளவு தூங்கினாங்க, வாய் எப்படி இருக்கு, எல்லாம் எழுதுங்க. டாக்டர் கேட்டா முழிக்கக் கூடாது." நகைக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. பெயர் கோமதி, வயது அறுபத்தொன்று, ஊர் சங்கரன்கோவில். கன்னத்தின் உள்பக்கம் புற்று. நவம்பரில் ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி இருந்தால் கருக்குவதற்கு முப்பத்துமூன்று நாள் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டுமாம். சனி, ஞாயிறு கிடையாது. ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோக முடியாது. அவர் மகன் இசக்கிராஜ் திருப்பூரில் இருக்கிறான். "அத்தை, ஒன்றரை மாசம்தான்" என்று போனில் கேட்டான். திருநெல்வேலியில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஆட்டோவில் கால் மணி நேரம். என்ன சொல்ல முடியும்?

பின்னறையில் கட்டில் போட்டேன். "அந்த ரூம்லயா?" என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

"வேற ரூம் எங்க இருக்கு?" என்றேன்.

சிஸ்டர் சொன்னது: ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீர், ஒரு ஸ்பூன் ஆப்பசோடா, ஒரு ஸ்பூன் உப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய் கொப்பளிக்கணும். முழுங்கக் கூடாது. தினமும் புதுசாகக் கலக்கணும். "துணி துவைக்கிற சோடாவை வாங்கிட்டு வந்திராதீங்க, போன வாரம் ஒருத்தர் வாங்கிட்டு வந்தார்" என்றார்.

எங்கள் வீட்டில் ஆப்பசோடா எப்போதும் உண்டு. நான் அதில் ஆப்பம் சுட்டுப் பல வருஷம் ஆகிறது.

ஜனவரி 7, செவ்வாய்

இரண்டாவது கரண்ட். நேற்று மாதிரியேதான்.

ஜனவரி 9, வியாழன்

மூன்று இட்லி. காய்ச்சல் இல்லை.

ஆஸ்பத்திரியில் வலை மாதிரி ஒரு முகமூடி, மதினியின் முகத்தை அச்செடுத்துச் செய்தது. அதை மாட்டி மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள், அசையக் கூடாது என்று. வெளியே வரும்போது கன்னம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தடம். பார்க்காதது போல இருந்தேன். அவரும் பார்க்க விடாமல் முந்தானையை இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஃபிரிட்ஜைத் துடைத்தேன். டம்ளரில் சோடா போட்டுத் திறந்தபடி உள்ளே வைத்தேன். சிங்க்கில் இரண்டு ஸ்பூன் கொட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, நுரைத்ததும் சுடுதண்ணீர் ஊற்றினேன். செருப்பு ஸ்டாண்டு, குப்பை வாளி, குளியலறைத் தரை. ஒரு டப்பா காலி. வாடை வரக் கூடாது. இந்த வீட்டைப் பற்றி இன்னொரு தரம் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரக் கூடாது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் அம்மா இந்தப் பின்னறையில்தான் கிடந்தாள். ஒரு பக்கம் கை கால் விளங்கவில்லை. பார்க்க வந்த மதினி வாசலில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "என்ன வாடை இது?" என்றார். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்றோடு பேச்சு நின்றது. இசக்கிராஜ் கல்யாணத்துக்குக்கூட இவர் மட்டும்தான் போனார்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று கரண்ட் இல்லை.

அலுமினியப் பால் சட்டியில் அடிப்பிடித்துவிட்டது. சோடாவைப் போட்டு ஊறவைத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். கருப்பு போகவில்லை, பளபளப்பாக இருந்த இடமும் கறுத்துவிட்டது. மதினி தண்ணீர் எடுக்க அடுப்படிக்கு வந்தவர் நின்று பார்த்தார்.

"அலுமினியத்துக்குச் சோடா ஆகாது. கறுத்துப் போகும்."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"சில்வர் பாத்திரம்னா நல்லாப் போகும். அதுக்கும் இப்படித் தேய்க்கக் கூடாது. போட்டு ஒரு அரை மணி நேரம் விட்டிரணும். அதுவே இளக்கி விட்டிரும். நீ ஏன் அதோட மல்லுக்கட்டுதே?"

வந்த ஆறு நாளில் "ம்", "சரி", "போதும்" தவிர இதுதான் முதல் பேச்சு. வேறு யாராவது சொல்லியிருந்தால் நல்ல யோசனை என்றிருப்பேன்.

ஜனவரி 15, புதன்

பொங்கல் என்று நேற்றும் இன்றும் கரண்ட் கிடையாது. எட்டு முடிந்திருக்க வேண்டியது ஆறில் நிற்கிறது. மதினிக்குச் சர்க்கரைப் பொங்கலைக் கூழாகக் கரைத்துக் கொடுத்தேன். நான்கு ஸ்பூன்.

மாடி வீட்டு மரிய புஷ்பம் வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார். "உங்க நாத்தனாரை நல்லாக் கவனிக்கிறீங்க வடிவு, இந்தக் காலத்துல யாரு செய்வா" என்றார். எனக்கு இடுப்பு ஒடிகிறது. சிரித்து வைத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

எடை 49. ருசி தெரியவில்லை என்கிறார். சோறு மண் மாதிரி இருக்கிறதாம். எச்சில் பசையாகக் கெட்டிப்படுகிறது. கொப்பளித்தால்தான் அறுகிறது. இப்போது ஒரு லிட்டர் போதவில்லை, இரண்டு லிட்டர் கலக்குகிறேன்.

இவர் கண்டக்டர். நாகர்கோவில் வண்டி. பெரும்பாலும் ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு. இன்று ஓய்வு. காலை முழுக்க அக்கா கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கதையோ என்னவோ, இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்த மனிதர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு வருஷமாக அக்கா வீட்டுக்கு வருஷத்துக்கு ஒருதரம், அதுவும் என்னிடம் சொல்லாமல், போய் வந்திருக்கிறார் என்று தெரியும். நான் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

அன்றைக்கு மதினி தனியாக வரவில்லை. தன்னோடு கோவிலுக்கு வந்த நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் முன்னால் சொன்னார். "அழுகுற வாடை வருது. இவளைத் திருப்பிப் போட்டுப் பாத்தியா?" அதுதான் அவர் சொன்னது, சொல்லுக்குச் சொல். ஒன்பதாம் தேதி பாதியைத்தான் எழுதியிருக்கிறேன்.

கீரையில் மண். மூன்று தண்ணீர் அலசினேன்.

ஜனவரி 23, வியாழன்

பன்னிரண்டாவது. அரை டம்ளர் கஞ்சி. அசதி. எனக்கு.

ஜனவரி 27, திங்கள்

கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது. அரிப்பு தாங்காமல் மதினி சோடாவைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கையில் வைத்திருந்தார், பூசப் போகிறார். வியர்க்குருவுக்கு அப்படித்தான் பூசுவார்களாம்.

"வைங்க கீழ! கழுத்துல எதுவும் படக் கூடாதுன்னு சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காக. சோடா, பவுடர், எண்ணெய், எதுவும் ஆகாது."

கத்திவிட்டேன். அவர் சின்னப்பிள்ளை மாதிரி கிண்ணத்தைக் கீழே வைத்தார். பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். வெறும் தண்ணீர் படலாம். கழுத்தில் உரசாமல் இருக்க அவருடைய ரவிக்கைகளின் கழுத்தை எல்லாம் இறக்கி வெட்டித் தைத்தேன். நான்கு ரவிக்கை. கண் எரிகிறது.

ஜனவரி 31, வெள்ளி

பதினெட்டாவது. எடை 46.

வாய் முழுக்கப் புண். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படை. துப்புகிற கிண்ணத்தில் அடியில் சோடா போட்டு வைக்கிறேன். அப்படியும் வாடை. அறைக்குள் போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் போகிறேன். முகத்தில் காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மெத்தையை வெயிலில் போட முடியவில்லை, ரொம்ப நேரம் எழுந்து உட்கார்ந்திருக்க அவருக்குத் தெம்பில்லை. அவர் குளிக்கப் போன நேரம் விரிப்பை உருவிவிட்டு மெத்தை மேல் சோடாவைத் தூவினேன். அரை மணி நேரம் விட்டுத் துடைப்பத்தால் தட்டினால் வாடையை இழுத்துவிடும். அவர் சீக்கிரம் வந்துவிட்டார். வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி முன்னறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி நேரம் விடாமல் அப்போதே தட்டி எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

எடை 45. டாக்டர் கண்டிப்பாகப் பேசினார். "இன்னும் குறைஞ்சா மூக்கு வழியா டியூப் போட வேண்டி வரும். எது எப்படினாலும் நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா இவ்வளவு நாள் பட்ட பாடு வீணாப் போயிரும்." மதினி தலையாட்டினார். பேச முடியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

இருபத்தொன்று முடிந்தது.

தென்காசியிலிருந்து தங்கச்சி உலகு போன் செய்தாள். அடுப்படியில் நின்று பேசினேன். எப்படி இருக்கே அக்கா என்று கேட்டதும் எங்கிருந்தோ பொங்கி வந்துவிட்டது. "வாடை தாங்க முடியல உலகு. வீடு முழுக்க அடிக்கி. சோத்துல கை வைக்க முடியல. நம்ம அம்மாவைப் பாத்து மூக்கைப் பொத்தினவளுக்கு நான் கிண்ணம் ஏந்திக்கிட்டு நிக்கேன். கடவுள் இருக்கான்" என்றேன்.

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு நல்லாத்தான் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

திரும்பினால் கூடத்தில் தண்ணீர்ச் செம்பு கீழே இருந்தது. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

சாயங்காலம் கஞ்சி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

நடந்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும்.

காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போய் வந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். பின்னறை காலி. விரிப்பு மடித்து வைத்திருந்தது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். பை இல்லை.

இவர் டூட்டியில் இருந்தார். போன் போட்டதும் எடுத்துவிட்டார், நல்லவேளை இவர் வண்டி புறப்படவில்லை. "அக்கா சங்கரன்கோவில் வண்டிக்குத்தான் போயிருப்பா. நீ ஆட்டோ பிடி. நான் டைம் கீப்பர்ட்ட சொல்லுதேன், வண்டியை அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லி" என்றார். ஏன் போனாள் என்று கேட்கவில்லை.

கிளம்பும்போது கொப்பளிக்கிற பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியாது. ஒன்பது மணிக்கு அவர் கொப்பளிக்க வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

புது பஸ் ஸ்டாண்டில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. மதினி மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம், தலையை முந்தானையால் மூடிக்கொண்டு. அதே சீட்டின் மறு ஓரத்தில் ஒரு பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இடம் காலி. நான் அதில் உட்கார்ந்தேன்.

"இறங்குங்க மதினி. பன்னெண்டரைக்குக் கரண்ட்."

அசையவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அவர் மட்டும் எவ்வளவு நேரம்தான் நிறுத்துவார், பாவம். வண்டி புறப்பட்டது. நானும் இறங்கவில்லை.

வண்டி ஊர் தாண்டியது. பிறகு நான்தான் சொன்னேன், "நேத்து சொன்னது தப்பு மதினி." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, புண் வாயைக் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"நீ போன்லதான சொன்னே. நான் நாலு பேர் முன்னால சொன்னேன்."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வழியில் மானூர் வந்ததும் அவருடைய பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பையில் அவர் மாத்திரை எல்லாம் இருந்தது. அவரும் பின்னால் இறங்கினார்.

பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்தேன். எதிரே டீக்கடை. நல்ல வெயில். மணி பத்தாகிவிட்டது. பாட்டிலைத் திறந்து நீட்டினேன். வாங்கி வாயில் ஊற்றினார். உள்ளே வைத்துச் சுழற்ற அரை நிமிஷம் ஆகும், எரியும். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அரை நிமிஷத்தில் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு வாய் வந்தது என்று நினைக்கிறேன்.

"நீங்க சொல்லுததுக்கு முந்தியே எனக்குத் தெரியும் மதினி. அம்மா முதுகுல புண்ணு இருக்குன்னு தெரியும். நாலு நாளாத் தெரியும்."

அவர் கொப்பளிப்பதை நிறுத்திவிட்டார். கன்னம் உப்பியபடி என்னையே பார்த்தார்.

"முதல்ல சின்னதாத்தான் இருந்துச்சு. திருப்பிப் படுக்க வைக்கணும்னு தெரியும். அவளைத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல. இவுகளும் டூட்டி டூட்டின்னு போயிருவாக. ஒரு நாள் விட்டேன், ரெண்டு நாள் விட்டேன். அது குழியாப் போச்சு. டாக்டரைக் கூப்பிட்டா, ஏன் இவ்வளவு நாள் விட்டேன்னு கேப்பாரேன்னு பயம். விரிப்புக்கு அடியில சோடாவை அள்ளி அள்ளிப் போட்டேன். வாடை தெரியக் கூடாதுன்னு. பெத்தவ முதுகு அழுகுது, நான் வாடையை மறைச்சுக்கிட்டு இருந்தேன்."

சாக்கடை ஓரம் போய்த் துப்பிவிட்டு வந்தார். உட்கார்ந்தார். வாயைத் துடைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்னது?"

"அன்னைக்குத் திருப்பிப் போட்டது நான்தான. விரிப்பைத் தூக்கினேன். வெள்ளையாக் கெடந்துச்சு."

அன்று அவர் உள்ளே வந்து அம்மாவைத் திருப்பினார் என்பதை நான் இந்த டைரியில் எழுதவில்லை. வாசலில் நின்றார் என்றுதான் எழுதியிருக்கிறேன். உலகுவிடமும் அப்படித்தான் சொன்னேன். மற்றவர்களிடமும். நான்கு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவர்தான் சுடுதண்ணீர் கேட்டார், புண்ணைக் கழுவினார், இவரிடம் டாக்டரைக் கூட்டிவரச் சொன்னார். இருபது நாள் கழித்து அம்மா போய்விட்டாள். துக்கத்துக்கு வந்த மதினியை நான் வாங்க என்று சொல்லவில்லை.

"இவுகட்ட சொன்னீங்களா? சோடா போட்டதை?"

இல்லை என்று தலையாட்டினார்.

"யாருட்டயும்?"

"என்னத்துக்கு?" மூச்சு வாங்கியது. "உன் மூஞ்சியப் பாத்தேன். ஒரு மாசம் தூங்காத மூஞ்சி. உனக்கு ஒத்தாசைக்கு ஒருத்தரும் வரல. நானுந்தான் வரல. வந்த அன்னைக்கும் வாய்தான் முந்திச்சு." கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "அந்த வாயைத்தான் இப்பக் கருக்குதானுவ" என்றார். சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

நான் அழுதேன். டீக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். மதினி என் முதுகில் கை வைத்திருந்தார். அவ்வளவு லேசான கை. பதினொரு வருஷம் நான் அவரைப் பற்றிச் சொன்னது எல்லாம் அவர் காதுக்குப் போயிருக்கும். ஒருதரம்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வாய் அன்றே அடைத்துப் போயிருக்கும்.

எதிர்ப்பக்கம் திருநெல்வேலி வண்டி வந்தது. ஏறினோம். பன்னிரண்டு நாற்பதுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். சிஸ்டர் சத்தம் போட்டார். இருபத்திரண்டாவது கரண்ட் முடிந்தது.

எடை பார்க்க மறந்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, துணி மடித்துக்கொண்டே, முழுக்கச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு சட்டையை எடுத்து அவரும் மடித்தார், தப்பும் தவறுமாக.

"நானும் இந்த வீட்டுலதான இருந்தேன்" என்றார். "நானும் ஒரு நாள்கூட அந்த ரூமுக்குள்ள போய்ப் பாக்கல. வாடைக்குப் பயந்து."

பிறகு எழுந்து பின்னறைக்குப் போய் அக்காவின் கிண்ணத்தை எடுத்துக் கழுவினார். எப்படிக் கழுவணும் என்று மதினி கையால் ஜாடை காட்டியது இங்கிருந்து தெரிந்தது. சோடாவைப் போட்டு விட்டிரு, தேய்க்காதே.

பிப்ரவரி 11, செவ்வாய்

எடை 43. மூக்கில் டியூப் போட்டாயிற்று. அதன் வழியாகப் பால், கஞ்சித் தண்ணீர், பழச்சாறு. மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம். இப்போதெல்லாம் நான் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன், "வாடை அடிக்கி மதினி, ஜன்னலைத் திறக்கட்டா?" என்று. அவரும் திறக்கச் சொல்கிறார்.

பிப்ரவரி 15, சனி

இரண்டு பேரும் மதியம் முழுக்கத் தூங்கிவிட்டோம். பால்காரர் கதவைத் தட்டித்தான் எழுந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

முப்பத்துமூன்றாவது. முடிந்தது. எடை 43.

முகமூடியைக் கையில் கொடுத்து, வேண்டுமென்றால் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றார்கள். மதினி வேண்டாம் என்று கையை உதறினார்.

இனியும் இரண்டு வாரம் புண் கூடத்தான் செய்யுமாம். பிறகுதான் இறங்குமாம். மூன்று மாதம் கழித்து ஸ்கேன். அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது. இசக்கிராஜ் லீவு போட்டு வந்திருக்கிறான். ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். டியூப் எடுக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவன் மாமாவைப் பார்த்தான். இவர் என்னைக் கை காட்டினார்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று டியூப் எடுத்தார்கள். இன்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். காரில் ஏறும்போது, "பின்ரூம் சுவத்துல ஓதம் ஏறியிருக்கு. பாரு" என்றார். கரண்ட் முடிந்த மூன்று வாரமும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார் போல.

சுவரில் ஈரம் ஊறிய அந்த ஓதத்தைப் பார்த்தேன். இருக்கத்தான் செய்கிறது. பெயிண்டரைக் கூப்பிட வேண்டும். அப்படியே பாயை விரித்து அங்கேயே படுத்துவிட்டேன். அம்மா போன பிறகு அந்த அறையில் நான் படுத்ததே இல்லை.

மே 16, வெள்ளி

எடை பார்த்து எழுத ஆள் இல்லாததால் இரண்டு மாதம் எழுதவில்லை. இன்று எழுதலாம்.

மதினி தனியாகவே பஸ்ஸில் வந்தார். எடை 46. தலை முடி ஒரு பக்கம் வளரவில்லை. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

"இப்போதைக்குன்னா?" என்று நான் கேட்டேன்.

"இப்போதைக்குன்னா இப்போதைக்குத்தாம்மா. அஞ்சு வருஷம் பாக்கணும்."

வெளியே வந்தோம். எனக்குச் சந்தோஷப்படவா வேண்டாமா என்று தெரியவில்லை. ரோட்டோரம் ஒருவர் சைக்கிளில் பதநீர்க் குடம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மதினி நேராக அங்கே போய் நின்றுகொண்டார். பனையோலைப் பட்டையில் வாங்கினால் அவரால் வாய் வைக்க முடியாது, வழிந்துவிடும். விற்பவரிடம் டம்ளர் கேட்டு வாங்கி நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக முழுங்கினார். பாதி ரவிக்கையில். முழு டம்ளரும் முடிய நேரம் ஆயிற்று. பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும்.

"இனிக்கா மதினி?" என்று கேட்டேன்.

நாக்கை உள்ளே சுழற்றி யோசித்தார்.

"இல்ல" என்றார். "ஒண்ணும் தெரியல. குளுகுளுன்னு எறங்குது, அம்புட்டுத்தான்."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரை விற்பவரிடமே நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்துங்க. இவளுக்கும் ஒண்ணு."